ஹலீமாவின் தராசும் என் பெயர்ச் சீட்டும்

எங்கள் பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலர்க் குழுவினரே, உங்கள் மலரின் நடுப்பக்கத்தில் நீங்கள் அச்சிட்டிருப்பது பொய். முதலில் அதைப் பிழை என்றுதான் நினைத்தேன். இரண்டு கடிதம் எழுதிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆகவே பொய் என்றே எழுதுகிறேன். ஒரு தராசின் படத்தைப் போட்டு, "யுத்தகாலத்தில் வீசப்பட்ட பொருள்களைக் கொண்டு எமது மாணவி செய்தது" என்று எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தராசை நான் செய்யவில்லை. செய்தவள் ஹலீமா. போதாக்குறைக்கு, சின்னப் பிள்ளைகள் பழைய சாமான்களில் விளையாடிப் படிப்பதற்கென்று ஓர் அறை கட்டி, அதற்கும் என் பெயரை வைத்து அடுத்த மாதம் திறக்கப் போவதாக அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறீர்கள். நாடா வெட்டவும் நானே வரவேண்டுமாம்.

இனி, இந்த விஷயம் ஒன்றும் தெரியாத இந்தப் பத்திரிகையின் மற்ற வாசகர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

டின்பால் டின்னைச் சுடுநீரில் போட்டால் ஒரு வாசனை வரும். அடியில் ஒட்டியிருந்த இனிப்பும், டின்னைச் சுற்றி ஒட்டிய கடதாசியின் பசையும், ஈயமும் சேர்ந்த வாசனை. இப்போதும் எங்காவது அந்த வாசனை பட்டால் எனக்கு முதலில் ஹலீமாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும்; டின் விளிம்பு வெட்டி, வெட்டிய இடத்திலேயே மறுபடியும் வெட்டி, பழைய துணி சுற்றிய விரல்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வளவில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு பைப். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க். அடுத்த வீடு ஹலீமாவின் வீடு. அவளுடைய வாப்பா மருதானையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தலைமைச் சமையற்காரர். அந்தக் கடையில் எறிகிற டின், சோடாமூடி, உடைந்த தேயிலைப்பெட்டிப் பலகை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். "போத்தல் பத்தர" என்று கூவிக்கொண்டு பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்க வருகிற சிங்கள மனிதன் அந்தச் சாக்கைப் பார்த்தாலே வாயூறிப் போவான். "நங்கி, மெக்க மட்ட தென்ன," தங்கச்சி, இதை எனக்குத் தா என்று கெஞ்சுவான். ஹலீமா சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

என் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "உந்தக் குப்பைக்குள்ள கையை வைச்சிட்டு என்ர சட்டியைத் தொடாதை பிள்ளை" என்று வாசலில் நின்று சொல்லுவார். ஆனால் எங்கள் வீட்டுச் சப்பாத்துப் பொலிஷ் டின் முடிந்ததும் அதைக் கழுவி யன்னலில் வைப்பதும் அம்மாதான். யாருக்காக வைக்கிறார் என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு வளவில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டன. யாழ்ப்பாணத்துக்குப் போகக் கூடியவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள், இந்தியாவுக்குப் போகக் கூடியவர்கள் கப்பல் ஏறினார்கள். போக இடமில்லாதவர்களும், கந்தோர் விடாதவர்களும், கடையை விட்டு வர முடியாதவர்களும் அங்கேயே கிடந்தோம். பள்ளிக்கூடத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கொப்பி இல்லை, சிலேட்டு வாங்கக் கடை இல்லை, பெரியவர்களுக்கு எங்களைக் கவனிக்க நேரமும் இல்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை பதினைந்து இருபது பிள்ளைகள் வளவுக்குள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு திரிந்தோம்.

அப்போதுதான் ஹலீமா "கூப்பன் கடை" தொடங்கினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நான் பத்து. ஊரில் சீனிக்கும் அரிசிக்கும் கூப்பன் வந்த காலம், ஆகவே பிள்ளைகளின் விளையாட்டிலும் கூப்பன் வந்துவிட்டது. கிழிந்த டிராம் டிக்கட்டுத்தான் எங்கள் கூப்பன். மண்தான் சீனி, உடைத்த ஓட்டாஞ்சல்லி அரிசி, மரத்தூள் மா.

"முதலாளி, சீனி ஒரு றாத்தல்" என்று என் தம்பி போய் நிற்பான்.

"கூப்பன்?"

"வீட்டில மறந்திட்டன்."

"அப்ப நாக்கையும் வீட்டில வெச்சிட்டு வா. கூப்பன் இல்லாதவன் சீனியைப் பத்திக் கதைக்கவும் ஏலா."

முதல் ஒரு கிழமை சிரட்டையால் அள்ளித்தான் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் இரண்டு பேர், எனக்குக் குறைவு உனக்குக் கூட என்று மண்ணுக்காக மூக்கில் இரத்தம் வர அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஹலீமா கடையைப் பூட்டிவிட்டுத் தராசு செய்ய உட்கார்ந்தாள்.

எப்படிச் செய்தாள் என்பதை நான் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மலரில் ஒரு வரிகூட இல்லை. பழைய குடையின் காம்பை அறுத்துத் தண்டாக எடுத்தாள். ஒரே அளவான இரண்டு பிஸ்கட் டின் மூடிகளுக்கு மும்மூன்று துளை போட்டு, சாக்குத் தைக்கிற நூலால் தண்டின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டாள். நடுவிலே ஒரு கீறல் போட்டு அதில் கயிறு. வெறும் தட்டுகள் சமமாக நிற்கவில்லை, இடப்பக்கம் தாழ்ந்தது. உயர்ந்து நின்ற வலப்பக்கத் தட்டின் அடியில் உருகிய மெழுகுதிரியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உறைய விட்டு, பார்த்து, நகத்தால் சுரண்டி, மறுபடியும் விட்டாள். அரைநாள் அதே வேலை. நான் பக்கத்தில் இருந்து "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

பிறகு படிக்கல் வேண்டும். அம்மா கூப்பனில் வாங்கி வந்த ஒரு இறாத்தல் சீனியை, பொட்டலம் பிரிக்காமல், ஒரு தட்டில் வைத்தோம். மற்றத் தட்டில் டின்பால் டின்னை வைத்து, முகத்துவாரத்துக் கடற்கரை மணலைக் காயவைத்து அரித்து, தண்டு நேராகும் வரை கொட்டினாள். அது ஒரு இறாத்தல். அதற்குச் சமமாக இரண்டு சிகரெட் டின்களில் மணலைப் பங்கு போட்டு, அந்த இரண்டையும் ஒன்றோடொன்று நிறுத்துச் சமமாக்கினாள். அதில் ஒன்று அரை இறாத்தல். அப்படியே பாதியைப் பாதியாக்கி, சப்பாத்துப் பொலிஷ் டின் கால், அதற்கடுத்தது அரைக்கால், தலையிடித் தைலம் வருகிற குட்டி டின் மாகாணி. மாகாணி என்றால் ஒரு அவுன்ஸ். கடைசியாக இரண்டு சோடாமூடிகளை வாயோடு வாய் வைத்து உள்ளே மணல் அடைத்து மெழுகால் மூடியது அரை அவுன்ஸ். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று தலையை ஆட்டி ஆட்டிப் பாடமாக்கியவர்கள். மாகாணி என்பது கையில் எவ்வளவு பாரம் என்று அந்தத் தைல டின்னைத் தூக்கிப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் தம்பிக்கு ஆறு வயது. பதினாறு அவுன்ஸ் ஒரு இறாத்தல் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தான்.

ஆனால் ஒரு பிழை நடந்தது. சில நாள் கழித்து ஹலீமாவின் வாப்பா கடையிலிருந்து பித்தளை இறாத்தல் படிக்கல் ஒன்றை ஒருநாள் இரவலாகக் கொண்டுவந்தார். தட்டில் வைத்தால் எங்கள் இறாத்தல் மேலே போய் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் குறைவு. மணலில் பிழையில்லை, தராசிலும் பிழையில்லை. தெருவிலிருந்த நிஜக் கூப்பன் கடைக்காரன் அம்மாவுக்குக் கொடுத்த சீனிதான் குறைவு. அந்தக் குறைந்த சீனியை நம்பிச் செய்ததால் ஆறு படிக்கல்லும் குறைந்த படிக்கல். அம்மா அடுத்த கிழமை சீனி வாங்கப் போனபோது அந்தத் தைல டின்னைக் கையில் கொண்டுபோய்க் கடைக்காரனின் மேசையில் வைத்தாராம். அவன் இதென்ன அக்கா என்று கேட்டானாம். "நீ போன கிழமை எனக்குத் தராதது" என்றாராம். அதற்குப் பிறகு ஹலீமாவின் சாக்கைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் ஹலீமாவிடம், "விளையாட்டுக்குத்தானே, இப்படியே கிடக்கட்டும்" என்றேன்.

"விளையாட்டெண்டாப் போல றாத்தல் கொறையுமா?" என்றாள். "நீ போய் உன்ட வேலையைப் பாரு."

ஆறையும் உடைத்து, மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். பித்தளைப் படிக்கல்லை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. அவளுடைய உம்மா பிட்டைப் பிசைந்து வாயில் ஊட்டிவிட்டார். இதை எழுதும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் கூடுகிறது.

மழைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தை ஒரு கோயில் மண்டபத்தில் திறந்தார்கள். நான் போனேன். ஹலீமா வரவில்லை. அவள் பெரியபிள்ளையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் அந்த வயதுக்குப் பிறகு பெண்பிள்ளை தெருவைத் தாண்டுவதில்லை. வாப்பா கெட்ட மனிதரல்ல. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அவரும் செய்தார். பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டதை நான் முன்வாங்கில் இருந்து பார்த்தேன்.

அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வருகைக்குக் கைவேலைக் கண்காட்சி. கடதாசியும் துணியும் தட்டுப்பாடு, ஆகவே எறிகிற சாமானில் எதையாவது செய்து கொண்டுவரச் சொன்னார் எங்கள் மிஸ். நான் தராசைப் பற்றிச் சொன்னேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து ஹலீமாவிடம் கேட்டேன். உடனே தந்தாள். தேயிலைப்பெட்டிப் பலகை ஒன்றைத் தராசுக்குப் பீடமாக அடித்து, அதன் முகப்பில் தாரைக் குச்சியால் தொட்டுத் தன் பெயரை எழுதினாள். பெரிய எழுத்து, கோணல்மாணலில்லாத எழுத்து.

"இன்ஸ்பெக்டர் ஆர் செஞ்சதெண்டு கேப்பாரு" என்றாள். "நீ என்ட பேரைச் சொல்லு. இந்தப் பிள்ளை ஏன் ஸ்கூலுக்கு வாரல்லையெண்டும் கேப்பாரு. கோட்டுப் போட்ட ஆள் வந்து வாப்பாட்ட ஒரு சொல்லு கேட்டாப் போதும். வாப்பா மறுக்க மாட்டாரு."

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அந்தத் தராசு அவளுக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை; திரும்பிப் போவதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி அதுதான்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் பலகையைப் பார்த்தார். "பதிவேட்டில பேரில்லாத பிள்ளையின்ட சாமானைக் கண்காட்சியில வைக்கேலாது பூமணி. அது சட்டம்" என்றார். பிறகு சின்னக் குரலில், "நீயும் சேர்ந்துதானே செய்தனி?" என்றார். நான் ஓம் என்றேன். மிஸ் ஒரு வெள்ளைக் கடதாசியில் என் பெயரை அழகாக எழுதி, மாப்பசை தடவி, ஹலீமாவின் பெயர் மேல் ஒட்டினார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் தராசின் முன்னால் நின்றுவிட்டார். மேசையில் இருந்த பள்ளிக்கூடத்துப் பித்தளைப் படிக்கல்லைத் தூக்கி ஒரு தட்டில் வைத்தார், டின்பால் டின்னை மற்றதில் வைத்தார். தண்டு இரண்டு ஆட்டம் ஆடி நேராக நின்றது. இரண்டையும் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் நேர்.

"யார் செய்தது?"

மிஸ் என்னைத் தோளில் பிடித்து முன்னே தள்ளினார்.

"நான், சேர்."

"அவுன்ஸை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

பாதியைப் பாதியாக்கினேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. அவர் தலைமை ஆசிரியரின் குறிப்புப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே ஏதோ எழுதினார். எனக்கு ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது. பிறகு அவர் என்னிடம் இன்னொன்று கேட்டார். "உன்னைப் போல வேறு பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்களா?" என்றார். இல்லை சேர் என்றேன். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மிஸ் சொல்லவில்லை, தலைமை ஆசிரியர் சொல்லவில்லை. அது என் சொந்தப் பொய். இதை எழுபது வருடமாக, போன மாதம் வரைக்கும், யாரிடமும் சொன்னதில்லை, என் பிள்ளைகளிடம்கூட.

வளவுக்குத் திரும்பி வரும்போது ஹலீமா தன் வீட்டு வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். முதலில் பென்சில் பெட்டியைப் பார்த்தாள்.

"என்ன கேட்டாரு?"

"நல்லமெண்டு சொன்னார்."

"வாப்பாட்ட வருவாராமா?"

நான் பென்சில் பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவளுக்கு விளங்கிவிட்டது. சண்டை பிடிப்பாள், பெட்டியைப் பிடுங்குவாள் என்று பயந்துகொண்டு நின்றேன். "சரி, போய்ச் சோத்தைத் தின்னு" என்று திரையை இழுத்துவிட்டாள்.

தராசைப் பள்ளிக்கூடம் திருப்பித் தரவில்லை. மூன்றாம் நாள் ஹலீமா சாக்கை அவிழ்த்து, வேறு இரண்டு மூடி எடுத்து, புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினாள். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குக் கூப்பன் கடையை அவள்தான் கலியாணம் முடித்துப் போகும் வரை நடத்தினாள். அதில் கணக்குப் படித்த பையன்களில் ஒருவன் பிற்பாடு கணக்காளனானான், இன்னொருவன் மருந்துக்கடை வைத்தான். என் தம்பி எஞ்சினியரானான். இவர்கள் பெயரெல்லாம் உங்கள் மலரில் "எமது பாடசாலை உருவாக்கியவர்கள்" என்ற பக்கத்தில் இருக்கிறது. கணக்கு அவர்களுக்கு எங்கே வந்தது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

இப்போது நான் வெள்ளவத்தையில் மகளோடு ஃபிளாட்டில் இருக்கிறேன். கொட்டாஞ்சேனை வளவு இருந்த இடத்தில் ஒன்பது மாடி நிற்கிறது. போத்தல் பத்தரக்காரனின் சத்தத்தை நான் கேட்டு வருடக் கணக்காகிறது. எங்கள் வீட்டு டின்களைக் கறுப்புப் பையில் கட்டிக் கீழே வைத்தால் லொறி வந்து கொண்டுபோகிறது. பேரப்பிள்ளைக்கு, காலி ஊருக்குப் போகிற பெருவீதிக் கடையில் பிளாஸ்டிக் தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் யானைப் பொம்மையை வைத்தால் மற்றப் பக்கத்தில் எதை வைத்தாலும் அது அசையாது. பெட்டியில் "அறிவை வளர்க்கும்" என்று எழுதியிருக்கிறது.

உங்கள் மலர் வந்த அன்றே நான் எழுதினேன். நீங்கள் பதில் போட்டீர்கள்: பாடசாலையின் குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை மாற்றுவதற்குத் தங்களுக்கு அதிகாரமில்லை, பதிவேட்டில் அப்படி ஒரு மாணவி அந்த ஆண்டில் இல்லை, எனது தன்னடக்கத்தைப் பாராட்டுகிறீர்கள். தன்னடக்கமாம். பத்து வயதில் நான் செய்த கெட்ட வேலையை எண்பது வயதில் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு இவர்கள் எனக்கு மாலை போடுகிறார்கள். இரண்டாவது கடிதத்துக்குப் பதிலாக வந்தது திறப்புவிழா அழைப்பிதழ்.

போன மாதம் இரத்மலானைக்குப் போனேன். அங்கே ஹலீமா பேத்தி வீட்டில் இருக்கிறாள். தேடிக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை எடுத்தது; முன்பே தேடியிருக்கலாம், தேடவில்லை, அதற்கும் எனக்குச் சாட்டுச் சொல்ல வாயில்லை. அவளுக்குக் கண் இரண்டும் தெரியாது. என் குரலை வைத்தே "பூமணியா?" என்று கேட்டுவிட்டாள். மலரில் உள்ள படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மெழுகு எந்தப் பக்கம் ஈக்குது?" என்றாள்.

"படம் சின்னது, தெரியேல்ல."

"வலப்பக்கம் ஈக்கோணும். இல்லாட்டி அது என்ட தராசில்ல."

பிறகு நான் அந்த இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வியையும் என் பதிலையும் சொன்னேன். பேத்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "நீ சின்னப் புள்ள. இந்த மலர் போட்டவங்க பெரிய ஆக்கள்தானே, இவங்க என்ன செல்றாங்க?" என்றாள். பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். "நீ பேப்பர்ல எழுது. அவங்க எழுதுற பதிலைக் கொண்டுவந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. காது நல்லாத்தான் ஈக்குது."

எழுதிவிட்டேன். அறைக்கு என் பெயரை வைக்க நான் சம்மதிக்கவில்லை. பலகையை மாட்டினால் நானே வந்து கழற்றுவேன், எண்பது வயதென்று பார்க்க வேண்டாம். கடிதம் எழுத வேண்டாம், தொலைபேசியில் சமாதானம் பேச வேண்டாம், வீட்டுக்குப் பழக்கூடையோடு ஆள் அனுப்பவும் வேண்டாம். குழுவின் தலைவர் தன் பெயரைப் போட்டு, இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படியாக ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அந்தத் தராசைச் செய்தது யார்? நீட்டி முழக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கப் போகிறவளுக்கு எண்பத்திரண்டு வயது. அடுத்த இதழிலேயே எழுதுங்கள்.